இரண்டு கோடுகள் குறுக்கிட்ட ஆண்டு

2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வேலை தேடியும் கிடைக்காமல் இருந்தவர்கள், வெளிநாட்டில் பிறந்து அங்கே போய்க் குடியேறிய தொழிலாளர்களில் 4.3 சதவீதம். அந்த மண்ணிலேயே பிறந்தவர்களில் 4.7 சதவீதம். அடுத்த ஆண்டு இரண்டு கணக்கும் 5.8 சதவீதத்தில் வந்து சேர்ந்தன. 2009இல் குடியேறியவர்களில் 9.7 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. உள்நாட்டில் பிறந்தவர்களில் 9.2 சதவீதம் பேருக்கு. ஒரு தாளில் இரண்டு கோடாக இதை வரைந்து பார்த்தால், கீழே போய்க்கொண்டிருந்த கோடு 2008இல் மற்றதை வெட்டிக்கொண்டு மேலே ஏறுவது தெரியும்.

தற்செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2012இல் இரண்டும் 8.1இல் மறுபடி சந்தித்தன. நல்ல காலம் திரும்பி 2019 வந்தபோது குடியேறியவர் கோடு பழையபடி கீழே: 3.1க்கு 3.8. கொரோனா வந்த 2020இல் திரும்பவும் மேலே: 9.2க்கு 7.8. இரண்டே ஆண்டு கழித்து, 2022இல், மீண்டும் கீழே: 3.4க்கு 3.7. அரை சதவீதம், முக்கால் சதவீதம், மிஞ்சினால் ஒன்றரை சதவீதம் என்று வித்தியாசம் சின்னதாகத்தான் தெரிகிறது. ஏற்றத்தின் வேகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 2019க்கும் 2020க்கும் நடுவே உள்நாட்டினரின் வேலையின்மை இரண்டு மடங்கானது. குடியேறியவர்களுடையது மூன்று மடங்கானது.

யாருடைய வேலையை யார் பறிக்கிறார்கள் என்ற வழக்கு எல்லா நாட்டிலும் உண்டு. பொருளாதார மந்தம் வந்தால் அது கூச்சலாகும். இந்தக் கோடுகள் ஏன் இப்படி நெளிகின்றன என்று பொருளியலாளர்கள் துருவியதில், அந்தக் கூச்சலில் இரு தரப்பும் பேசாத ஒரு சங்கதி வெளிப்பட்டிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் இந்தச் சதவீதங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிட வேண்டும். விஷயத்தில் பாதி அங்கேயே ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவின் வேலையின்மை விகிதம், அரசு உதவித்தொகை வாங்குபவர்களை எண்ணிச் சொல்வது அல்ல. மாதந்தோறும் சுமார் 60,000 வீடுகளில் கேட்டு எடுக்கும் கணக்கு அது. மாதத்தின் 12ஆம் தேதி எந்த வாரத்தில் விழுகிறதோ அந்த வாரம் வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரிப்பார்கள். அந்த வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை பார்த்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். வேலை இல்லை, ஆனால் கடந்த நான்கு வாரத்தில் தேடியிருக்கிறார், கிடைத்தால் போகத் தயார் என்றால் அவர் வேலையில்லாதவர். தேடித் தேடி அலுத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டவரோ இரண்டிலும் சேர மாட்டார். தொழிலாளர் தொகையிலிருந்தே அவரைக் கழித்துவிடுவார்கள். எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்ற கேள்வி 1994 ஜனவரியிலிருந்துதான் இந்தப் படிவத்தில் இருக்கிறது. விசா உண்டா, முறையாக வந்தவரா என்று கேட்பதில்லை. ஆகவே குடியுரிமை பெற்ற டாக்டரும், மாணவ விசாவில் வந்தவரும், எந்தக் காகிதமும் இல்லாமல் எல்லை தாண்டி வந்த தொழிலாளியும் 'வெளிநாட்டில் பிறந்தவர்' என்ற ஒரே கட்டத்தில்தான் நிற்கிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. இந்தக் கணக்கெடுப்பு ஆளைத் தொடர்ந்து போகாது, விலாசத்தைத்தான் தொடரும். ஒரு வீட்டில் நான்கு மாதம் கேட்பார்கள், எட்டு மாதம் விட்டுவிடுவார்கள், திரும்ப வந்து நான்கு மாதம் கேட்பார்கள். நடுவில் அங்கிருந்தவர் காலி செய்துகொண்டு போயிருந்தால், புதிதாகக் குடிவந்தவரிடம் கேள்வி தொடரும். போனவர் எங்கே போனார், அவருக்கு வேலை கிடைத்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்த விதியைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

நல்ல காலத்தில் குடியேறியவர்களின் கோடு கீழே இருப்பதற்குக் காரணம் எளிது. சம்பாதிக்க என்றே வந்தவர்கள் அவர்கள். முறையான அனுமதி இல்லாதவருக்கு அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீட்டுத் தொகை கிடையாது. 1996இல் வந்த நலத்திட்டச் சட்டத்தின்படி, முறையாகக் குடியேறியவர்களில் பலருக்கும் முதல் ஐந்தாண்டுகளுக்குப் பல மத்திய அரசு உதவிகள் இல்லை. வாடகை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். ஊருக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். நல்ல வேலை வரட்டும் என்று காத்திருக்கும் வசதி அவர்களிடம் இல்லை. வந்த வேலையைப் பிடித்துக்கொள்வார்கள். கட்டுமானப் பொருள் விற்கும் பெருங்கடைகளின் வாசலில் விடியற்காலையில் நின்று, பிக்கப் வண்டியில் வருபவர் கைகாட்டினால் ஏறிப் போகும் மெக்சிகோக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு, கொத்தனாரும் சித்தாளும் தூக்குவாளியோடு கூடி நிற்கும் நம்மூர் முச்சந்தி ஞாபகம் வரும். அந்த வாரத்தில் ஒரு நாள் வண்டி கிடைத்துவிட்டால் போதும், கணக்கில் அவர் வேலையில் இருப்பவர்.

மந்தத்தில் அந்தக் கோடு ஏன் அப்படித் தாவுகிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி. அதற்கு லாஸ் வேகாஸ் புறநகரில் ஒரு வீடு எழும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் தனிவீடு என்பது பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுவது. முதலில் நிலத்தைச் சமப்படுத்துபவர்கள் வருவார்கள். அடுத்து கான்கிரீட் தளம் போடுபவர்கள். பிறகு மரச்சட்டம் அடிக்கும் ஒரு கூட்டம், கூரை வேயும் ஒரு கூட்டம், சுவருக்கு ஜிப்சம் பலகை பொருத்தி இடுக்குகளை மெழுகும் ஒரு கூட்டம், பெயின்ட் அடிப்பவர்கள், கடைசியாகத் தரைவிரிப்பு போடுபவர்கள். ஒவ்வொரு கூட்டமும் தனித்தனி சப்-கான்ட்ராக்டரின் கீழே. அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி. அவர் கூட்டி வருவது பெரும்பாலும் தன் ஊர்க்காரர்களையும் மச்சான் முறை ஆட்களையும். வீடு கட்டும் நிறுவனத்தின் பெயர்ப்பலகை வாசலில் இருக்குமே தவிர, இவர்களில் யாரும் அதன் சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். கட்டுமானத் தொழிலாளர்களில் அப்போது கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். கூரை, சுவர்ப்பலகை போன்ற வேலைகளில் பங்கு இன்னும் கூடுதல்.

2005இல் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அடிக்கல் விழுந்தது. 2009இல் சுமார் ஐந்தரை லட்சம். நான்கில் மூன்று பங்கு வேலை காற்றில் போயிற்று. இது ஒரே நாளில் நடக்கவில்லை, வீடு எழும் வரிசையிலேயே நடந்தது. புது வீடு தொடங்காத மாதத்தில் நிலம் சமப்படுத்துபவருக்கு வேலை இல்லை. தரைவிரிப்புக்காரருக்கு, ஏற்கெனவே எழுந்து நிற்கும் வீடுகள் முடியும்வரை சில மாதம் ஓடும். பிறகு அவருக்கும் இல்லை. ஒருவரையும் கூப்பிட்டு நிறுத்துகிறேன் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. மேஸ்திரியின் போன் வராது, அவ்வளவுதான். 2006இல் 77 லட்சம் பேரை வைத்திருந்த கட்டுமானத் துறை, 2011 தொடக்கத்தில் 55 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் வேலையின்மை மந்தத்துக்கு முன் 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2010இல் 13ஐத் தாண்டியது.

ஆக, குடியேறியவர்கள் முதலில் விழுவதற்குப் பெரிய சதி ஒன்றும் தேவையில்லை. மந்தம் முதலில் தாக்கும் துறைகளில் அவர்கள் குவிந்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்பும் வழக்கம் எங்கும் உண்டு. சேர்ந்து சில ஆண்டுகளே ஆனவர்கள் அவர்களில் அதிகம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் உள்நாட்டுத் தொழிலாளர்களில் ஆறு சதவீத அளவில் இருந்தபோது, குடியேறியவர்களில் கால் பங்குக்கு மேல். அரசு வேலை, பள்ளி ஆசிரியர் வேலை போல மந்தத்திலும் சற்றுத் தள்ளி நிற்கும் இடங்களில் அவர்கள் குறைவு. இதில் நிறப்பாகுபாட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் அது இல்லாவிட்டாலும் கோடுகள் குறுக்கிட்டிருக்கும்.

வேலை போனதும் என்ன செய்தார்கள்? இங்கேதான் நான் மேலே சொன்ன, யாரும் பேசாத சங்கதி வருகிறது.

பிரயன் கடேனா, பிரயன் கோவாக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2006க்கும் 2010க்கும் இடையே எந்தெந்த நகரம் எவ்வளவு அடிவாங்கியது, அங்கிருந்து யார் யார் நகர்ந்தார்கள் என்று பார்த்தார்கள். அதிகம் படிக்காத உள்நாட்டு ஆண்கள் தங்கள் ஊரில் வேலை எவ்வளவு சுருங்கினாலும் அநேகமாக அசையவில்லை. மெக்சிகோவில் பிறந்த தொழிலாளர்கள் மட்டும் வேலை போன நகரங்களை விட்டுக் கிளம்பினார்கள். சிலர் நிலைமை தேவலாம் என்றிருந்த வேறு அமெரிக்க நகரங்களுக்கு, சிலர் ஊருக்கே. புதிதாக வரவேண்டியவர்களும் அந்த நகரங்களைத் தவிர்த்தார்கள். விளைவு: மெக்சிகோக்காரர்கள் கணிசமாக இருந்த நகரங்களில், உள்ளூர்த் தொழிலாளர்கள் மீது மந்தத்தின் தாக்கம் மற்ற நகரங்களில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். ஓர் ஊரில் 1,000 தொழிலாளர்கள், 950 வேலைகள் என்று வைத்துக்கொள்வோம். வேலையின்மை 5 சதவீதம். நூறு வேலைகள் போய்விடுகின்றன. எல்லாரும் அங்கேயே இருந்தால் 150 பேருக்கு வேலை இல்லை, 15 சதவீதம். அவர்களில் 60 பேர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால், மிஞ்சிய 940 பேரில் 90 பேருக்குத்தான் வேலை இல்லை, பத்துக்கும் கீழே. ஊரில் ஒரு வேலைகூடப் புதிதாக உண்டாகவில்லை. வேலை தேடி வரிசையில் நிற்பவர்கள் குறைந்தார்கள். போன 60 பேர் மளிகைக் கடையிலும் ஏதோ வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தானே, அந்த வியாபாரமும் போகுமே என்று கேட்கலாம். போகத்தான் செய்யும். ஆனால் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் என்பதால், அவர்கள் போனதால் வந்த நஷ்டம் உள்ளூர்க்காரர் ஒருவர் போயிருந்தால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு.

உள்ளூர்க்காரர் ஏன் நகரவில்லை என்பதும் சோம்பல் கதை அல்ல. நெவாடாவில் வங்கிக் கடன் உள்ள வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை, வாங்கிய கடனைவிட விலை குறைந்துபோய்க் கிடந்தன. விற்றாலும் கடன் தீராது. பிள்ளைகளின் பள்ளி, பக்கத்துத் தெருவில் அம்மா, கையில் வரும் வேலையின்மைக் காப்பீடு. இவையெல்லாம் சேர்ந்து ஆளைப் பிடித்துவைக்கும். ஏற்கெனவே ஒருமுறை ஊரையே விட்டு வந்தவருக்கு இன்னொரு ஊர் பெரிய விஷயம் இல்லை. வட கரோலினாவில் என்ன கூலி, டெக்சஸில் யார் ஆள் எடுக்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு போன் தூரத்தில் தெரியும்.

போன அந்த அறுபது பேர் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்? கணக்கெடுப்பு விலாசத்தைத்தான் தொடரும் என்று பார்த்தோமே. லாஸ் வேகாஸில் வேலை போய், மெக்சிகோவில் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டவர், அமெரிக்காவின் வேலையின்மை விகிதத்தில் இல்லை. அவர் போனதால் அந்த விகிதம் குறைகிறது. 9.7 சதவீதம் என்ற எண், விழுந்தவர்களில் அங்கேயே கிடந்தவர்களை மட்டும் சொல்கிறது. அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே நாற்பதாண்டு ஓடிய ஆள்வரத்து, மந்தத்துக்குப் பின் வருவோரும் போவோரும் சமமாகி நின்றுவிட்டது. மெக்சிகோவுக்குப் போன பணம் 2007இல் சுமார் 2,600 கோடி டாலர். 2009இல் சுமார் 2,100 கோடி. இழப்பின் ஒரு பெரிய துண்டு எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டின் புள்ளிவிவரத்தில், வராத மணியார்டராகப் பதிவாகியது.

அடுத்து நடந்தது அரசியலுக்குத் தீனி போட்டது. மந்தம் 2009 ஜூனில் முடிந்ததாக அதிகாரபூர்வமாகக் குறித்தார்கள். அதற்கடுத்த ஓராண்டில் குடியேறியவர்கள் 6,56,000 வேலைகளைக் கூடுதலாகப் பெற்றார்கள். உள்நாட்டில் பிறந்தவர்கள் மேலும் 12 லட்சம் வேலைகளை இழந்தார்கள். பியூ ஆய்வு மையம் 2010 அக்டோபரில் வெளியிட்ட கணக்கு இது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேலை கைமாறியது போலவே கண்ணுக்குத் தெரியும்.

அதே அறிக்கையில் இன்னொரு எண் இருந்தது. அதை யாரும் மேடையில் பேசவில்லை. அந்த ஓராண்டில் குடியேறியவர்களின் நடுமட்ட வாரச் சம்பளம் 4.5 சதவீதம் குறைந்தது. உள்நாட்டினருக்கு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. முதலில் விழுந்தவர்கள் முதலில் எழுந்தார்கள், ஆனால் குறைந்த கூலிக்கு எழுந்தார்கள். உள்நாட்டினரின் வேலை இழப்பில் ஒரு பகுதி எங்கே நடந்தது என்றும் பார்க்க வேண்டும். வீட்டு விலை சரிந்தால் சொத்து வரி சரியும். வரி சரிந்தால் ஓராண்டு ஈராண்டு கழித்து நகராட்சியும் பள்ளி நிர்வாகமும் ஆட்களைக் குறைக்கும். மாநில, உள்ளாட்சி வேலைகள் 2009க்குப் பிறகும் சில ஆண்டுகள் தேய்ந்துகொண்டே இருந்தன. அங்கே வேலை போன நகராட்சிக் குமாஸ்தாவின் நாற்காலியில் எந்த மெக்சிகோக்காரரும் போய் உட்காரவில்லை. ஒரே மந்தம்தான், இரண்டு கூட்டத்தையும் வெவ்வேறு நேரத்தில் எட்டியது. ஓராண்டை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் திருட்டுப்போலத் தெரியும்.

மந்தத்தில் வந்தேறிகளை வெளியேற்றிவிட்டால் உள்ளூர்க்காரருக்கு அந்த வேலை கிடைக்குமா என்பது வெறும் விவாதப் பொருளாக இருக்க வேண்டியதில்லை. ஒருமுறை செய்தே பார்த்துவிட்டார்கள். 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாமல் போனது. மெக்சிகோக்காரர்களை ரயிலேற்றி அனுப்பும் வேலையை உள்ளாட்சிகள் தொடங்கின. 1931 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலஸின் லா பிளாசிட்டா பூங்காவைச் சுற்றி வளைத்து, உள்ளே இருந்த சுமார் 400 பேரிடம் காகிதம் காட்டச் சொன்னார்கள். அந்தப் பத்தாண்டில் போனவர்கள் குறைந்தது நான்கு லட்சம் என்பார்கள். பெரிய மதிப்பீடுகள் அதைப்போலப் பல மடங்கு. அமெரிக்காவிலேயே பிறந்து, அந்த நாட்டுக் குடிமக்களாக இருந்த பிள்ளைகள் அவர்களில் ஏராளம். கலிபோர்னியா மாநிலம் 2005இல் சட்டம் போட்டு இதற்கு மன்னிப்புக் கேட்டது.

ஜோங்குவான் லீ, ஜியோவானி பெரி, வாசில் யாசெனோவ் என்ற மூவர் 1930, 1940 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கை வைத்து, அதிகம் பேரை அனுப்பிய நகரங்களையும் அவ்வளவாக அனுப்பாத நகரங்களையும் ஒப்பிட்டார்கள். அனுப்பிய நகரங்களில் உள்ளூர்க்காரருக்கு வேலை கூடியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. சில இடங்களில் நிலைமை சற்று மோசமாகக்கூட ஆகியிருந்தது. தோட்டத்தில் பழம் பறிக்க ஆள் இல்லை என்றால், பறித்த பழத்தைக் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும், ஏற்றிப் போகும் வண்டிக்காரருக்கும், மேற்பார்வை பார்ப்பவருக்கும் வேலை இல்லை. இந்த வேலைகளில் இருந்தவர்கள்தான் உள்ளூர்க்காரர்கள். ஊரில் இத்தனை வேலை என்று எண்ணி வைத்திருக்கிறது, ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்காரலாம் என்ற நினைப்பு எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறதோ அவ்வளவு தப்பு. 1890களிலேயே பொருளியலாளர்கள் அதைப் பிழை என்று அடையாளம் கண்டு பெயரும் வைத்துவிட்டார்கள். இன்றும் அது தேர்தலுக்குத் தேர்தல் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

ஜெர்மனியில் நடந்தது வேறு விதம். எனக்குப் பிடித்த உதாரணமும் அதுதான். 1966-67 மந்தத்தில், அங்கே வேலைக்கு வந்திருந்த துருக்கி, இத்தாலி, யுகோஸ்லாவியத் தொழிலாளர்கள் சுமார் 13 லட்சத்திலிருந்து 10 லட்சமாகக் குறைந்தார்கள். மேற்கு ஜெர்மனியின் வேலையின்மை 2 சதவீதத்தைச் சற்றே தாண்டியதோடு நின்றது. வந்த மந்தம் பாதி அவர்களோடு சேர்ந்து ரயிலேறிவிட்டது. நிலைமை சீரானதும் திரும்பி வந்தார்கள். இது நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று அதிகாரிகளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் 23 அன்று வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்தி உத்தரவு போட்டார்கள். அப்போது அங்கே 26 லட்சம் அந்நியத் தொழிலாளர்கள். போனமுறை போலவே போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு பகுதியினர் போனார்கள். துருக்கிக்காரர்களில் பெரும்பாலோர் யோசித்தார்கள்: இப்போது போனால் திரும்ப விடமாட்டார்கள். போகாமல் இருந்து, மனைவி மக்களை அங்கே வரவழைத்துக்கொண்டார்கள். 1973இல் 40 லட்சத்தை ஒட்டியிருந்த வெளிநாட்டவர் தொகை 1980இல் 44 லட்சத்தைத் தாண்டியது.

கதவு திறந்திருந்தபோது போய்விட்டவர்கள், மூடியதும் தங்கிவிட்டார்கள். அமெரிக்காவும் இதே பாடத்தைத் தன் செலவில் படித்தது. மெக்சிகோ எல்லையில் காவல் இறுக இறுக, பருவத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். 2008இல் ஸ்பெயின் பணம் கொடுத்து அனுப்பிப் பார்த்தது: வேலையின்மைக் காப்பீட்டில் 40 சதவீதத்தை இங்கே வாங்கிக்கொள், மீதி 60ஐ உன் நாட்டில் தருகிறோம், மூன்று ஆண்டு இந்தப் பக்கம் வராதே. எதிர்பார்த்ததில் சிறு பங்கு ஆட்கள்தான் கையெழுத்துப் போட்டார்கள். திரும்ப முடியாது என்ற நிபந்தனை பணத்தைவிடக் கனமாக இருந்தது. 2013இல் ஸ்பெயினில் மொத்த வேலையின்மை 27 சதவீதம் அளவுக்கு ஏறியபோது, வெளிநாட்டவர்களிடையே அது 40ஐ நெருங்கியிருந்தது.

மந்தத்தைக் கப்பலேற்றி அனுப்பும் வித்தையை இவர்களில் பலருக்கும் முன்னால் கச்சிதமாகச் செய்தது பிரிட்டிஷ் மலாயா. ஏற்றுமதியானவர்கள் நம் ஆட்கள். ரப்பர் விலை 1929இல் ராத்தல் 34 சென்ட்டாக இருந்தது, 1932இல் 7 சென்ட். பால்மரம் சீவும் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட் என்று இருந்த கூலி ஏறக்குறைய பாதியாயிற்று. தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து நடத்திய குடியேற்ற நிதி ஒன்று இருந்தது. கங்காணி ஊரில் பிடித்துக் கொடுத்த ஆளுக்கு நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பினாங்குக்கு டிக்கெட் எடுத்தது அந்த நிதி. 1930 ஆகஸ்டில் அது அப்படியே திசை மாறியது. வருகிறவர்களுக்குச் சீட்டு நின்றது, போகிறவர்களுக்கு இலவசம். மூன்றாண்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், அந்தச் செலவிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலாயாவின் தோட்டங்களில் இவ்வளவு பெரிய சரிவிலும் வேலையற்றோர் பிரச்சினை கட்டுக்குள் இருந்ததாக அறிக்கை எழுத முடிந்தது அதனால்தான். வேலையற்றவர்கள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்தார்கள். அங்கே அதே ஆண்டுகளில் நெல் விலை பாதியாகச் சரிந்து, உள்ளூர்க் கூலிக்காரனுக்கே வேலை இல்லை. 1934இல் ரப்பர் விலை தலைதூக்கியது. நிதி மறுபடி சீட்டெடுக்கத் தொடங்கியது.

மந்தம் முடிந்ததும் இந்தக் காயம் ஆறிவிடுமா என்ற கேள்விக்கு ஸ்வீடனில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. 1980களின் நடுவிலிருந்து 90களின் நடுவரை, அகதிகளாக வந்தவர்களை எந்த ஊரில் குடியமர்த்துவது என்று அங்கே அரசே தீர்மானித்தது. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் பொருளாதாரம் திடீரென்று கவிழ்ந்து, வேலையின்மை சில ஆண்டுகளில் பல மடங்கானது. ஆகவே ஒரே மாதிரியான மனிதர்கள், சிலர் கவிழ்வதற்குச் சற்று முன், சிலர் சற்றுப் பின் வந்து இறங்கினார்கள். வந்த நேரமும் இறங்கிய ஊரும் அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வமாகத்தான் வாய்க்கும். ஓலோஃப் ஆஸ்லுண்ட், டான்-ஓலோஃப் ரூத் இருவரும் இவர்களின் சம்பாத்தியத்தை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். வேலையில்லாத காலத்தில், வேலையில்லாத ஊரில் இறங்கியவர்கள், பத்தாண்டு கழித்தும் பின்தங்கியே இருந்தார்கள். முதல் வேலை தாமதமானால் மொழி பிடிபடுவது தாமதம், பரிந்துரைக்க ஆள் கிடைப்பது தாமதம், இரண்டாவது வேலை அதைவிடத் தாமதம். எந்த மாதாந்திர விகிதமும் இதைக் காட்டாது. அதில் அவர் வேலையில் இருப்பவராகவே வருவார்.

இதெல்லாம் கூலி வேலைக்காரர்களின் கதை என்று சாஃப்ட்வேர் வீடுகள் நினைத்துக்கொண்டிருந்தன. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தபோது, எச்-1பி விசாவில் இருந்தவர்களுக்கு விதி எப்படி வேலை செய்கிறது என்று சென்னையிலும் கோவையிலும் உள்ள அப்பா அம்மாக்கள் வரை தெரிந்துகொண்டார்கள். அந்த விசாவில் வேலையும் தங்கும் உரிமையும் ஒரே முடிச்சு. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் விசாவை ஏற்கும் வேறொரு நிறுவனம் கிடைக்க வேண்டும், அல்லது விசாவின் வகையை மாற்ற மனுப் போட வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். பக்கத்து மேசையில் அதே நாளில் அதே கடிதம் பெற்ற அமெரிக்கர் நல்ல சம்பளம் வரட்டும் என்று ஆறு மாதம் தேடலாம். இவர் முப்பதாவது நாள் வரும் குறைந்த சம்பளத்துக்குச் சரி என்கிறார். லாஸ் வேகாஸ் மேஸ்திரியின் ஆளுக்கு இருந்த அதே அவசரம்தான், ஆண்டுக்கு லட்சம் டாலர் மட்டத்தில். ஒரு வித்தியாசம் உண்டு. அவர் வேலை இருக்கும் ஊரைத் தேடி எங்கும் போகலாம். இவருக்கோ, கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு நின்றாயிற்று, பையன் எட்டாவது படிக்கிறான், வீட்டுக் கடன் ஓடுகிறது. முறையாக வந்தவருக்குத்தான் உள்ளூர்க்காரரின் கட்டுகள் அத்தனையும் உண்டு, அவருடைய பாதுகாப்பில் பாதிகூட இல்லை. அறுபதாவது நாள் அவர் விமானம் ஏறிவிட்டால், அந்த அடுக்ககத்தில் அடுத்த மாதம் கணக்கெடுக்க வருபவருக்குக் கதவைத் திறப்பவர் வேறு யாரோ. அவருக்கு வேலை இருக்கும்.